மஞ்சள் அரைஞாண் கட்டிய வண்டுகள்

1979 பிப்ரவரியில் ஒரு காலை, ஆரணியில் மாணிக்கவேல் வீட்டு மூன்றாவது தறியில் ஏற்றியிருந்த பட்டுப் பாவின் மேல் ஒரு கடற்கரை வண்டு ஓடிக்கொண்டிருந்தது. கடல் அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். வண்டுக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை. ஈரமணலில் ஓடுவது போலவே அரக்குச் சிவப்பு இழைகளின் மேல் ஓடியது, சட்டென்று நின்றது, மறுபடி ஓடியது.

"குணா, ஜல்தியா வா. உன் ஆளு ஒண்ணு பாவுல ஏறிட்டான்" என்று மாணிக்கவேல் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே மகளைக் கூப்பிட்டார்.

குணசுந்தரி கண்ணாடி டம்ளரோடு ஓடி வந்தாள். வண்டு ஓடும்போது பிடிக்கப் பார்க்கக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். அந்த இன வண்டு தன் கண்ணைவிட வேகமாக ஓடும். ஓடுகிறபோது அதற்கு எதுவும் சரியாகத் தெரியாது. அதனால்தான் நாலு அடிக்கு ஒருமுறை நின்று, எங்கே இருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளும். நின்ற அந்த நொடியில் டம்ளரைக் கவிழ்த்தாள்.

"பட்டத் தின்னுமா இது?"

"ஈயத் தின்னும். சின்னச் சின்ன மணல் பூச்சியத் தின்னும். பட்டத் தொடாதுப்பா."

"இப்படித்தான் கரையானப் பத்தியும் உங்க சித்தப்பன் சொன்னான்" என்றார் மாணிக்கவேல். ஆனாலும் மிதியை மிதிக்காமல், டம்ளரும் வண்டும் அகலும்வரை காத்திருந்தார்.

குணசுந்தரிக்கு வயது இருபத்தாறு. சென்னையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவி. மரக்காணத்துக்குத் தெற்கே கழிமுகம் கடலோடு சேருமிடத்தில் ஒரு மணல் திட்டு இருக்கிறது. நீளம் முந்நூறு அடி, அகலம் நாற்பது அடி. அந்தத் திட்டில் மட்டும் ஒரு சின்ன வண்டு வாழ்கிறது. இரண்டு நெல்மணியை நீளவாக்கில் வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. முதுகு செம்புப் பச்சை, ஓரத்தில் வெள்ளைக் கீற்றுகள், தாடை கத்தரிக்கோல் மாதிரி. லத்தீனில் அதற்கு வண்டைவிட நீளமான பெயர் உண்டு. பக்கத்து மீனவக் குப்பத்தில் இருந்தவர்கள் ஓரப்பூச்சி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதன் புழு மணலில் செங்குத்தாகத் துளை போட்டு, தன் தலையையே துளைக்கு மூடியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மேலே நடந்துபோகிற பூச்சியை எட்டிப் பிடித்து உள்ளே இழுக்கும். இரண்டு வருடமாக இதையெல்லாம் எழுதி இரண்டு நோட்டுகளை நிரப்பியிருந்தாள் குணசுந்தரி.

ஒரு கேள்விக்கு மட்டும் விடை இல்லை. கடல் ஏறும்போது அந்தத் திட்டு முழுவதும் தண்ணீருக்குள் போய்விடும். இரண்டு மணி நேரம், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி மூன்று மணி நேரம். அப்போது வளர்ந்த வண்டுகள் எங்கே போகின்றன?

அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் சக்கரவர்த்தி சந்தேகமே இல்லாமல் சொன்னார்: "பறந்து சவுக்குத் தோப்புக்குப் போவுதும்மா. இறக்கை இருக்கிற பிராணி எதுக்குத் தண்ணிக்குள்ள முழுகணும்?"

"இல்ல சார். மணலுக்குள்ளயே இருக்குன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கறதுக்கு ஆராய்ச்சி எதுக்கு? ஊட்ல ஒக்காந்தே நெனைக்கலாமே."

அவர் வந்தவாசிப் பக்கத்துச் சமணக் கிராமத்துக்காரர். நாற்பது வருடம் பூச்சிகளைப் படித்தவர், ஒன்றைக்கூடக் கொன்றதில்லை. அவர் மாணவர்களும் கொல்லக்கூடாது. மற்ற ஆய்வகங்களில் ஊசியில் குத்திய பூச்சிகள் வரிசையாக இருக்கும். இவர் அறையில் பென்சில் படங்கள் இருந்தன. "செத்த வண்டு எங்க இருக்கும்னு எனக்குத் தெரியும், டப்பால இருக்கும். உயிரோட இருக்கிற வண்டு எங்க இருக்குன்னு சொல்லு" என்பார்.

ஆராய்ச்சியை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கும் விண்ணப்பம் மார்ச் முப்பத்தொன்றுக்குள் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். அதில் அவர் கையெழுத்து வேண்டும். பொங்கலுக்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிட்டார். கடல் ஏற்றத்தின்போது வண்டு எங்கே இருக்கிறது என்று காட்டினால் கையெழுத்து. இல்லையென்றால், நடுவில் ஓட்டை விழுந்த ஆராய்ச்சிக்கு மேலும் ஒரு வருடம் கேட்க அவருக்கு மனம் வராது. பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். இரண்டு நோட்டுகளும் பீரோவுக்குப் போகும்.

தண்ணீருக்குள் நின்று தோண்டிப் பார்த்தாள். தோண்டிய இடத்தில் மணல் கூழாகி மூடிக்கொண்டது. சவுக்குத் தோப்பில் ஊசி இலைகளைக் கிளறிக் கிளறித் தேடினாள். வண்டு இல்லை. ஆனால் தேடிக் கிடைக்காததை யாரும் ஆதாரமாக ஒப்புக்கொள்வதில்லை.

ஒவ்வொரு வண்டுக்கும் அடையாளம் வைக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தாள். திட்டை நாலு பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்து வண்டுக்கும் ஒரு நிறம். தண்ணீர் வடிந்த உடனே எந்த வண்டு எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று பார்ப்பது. விட்ட பாகத்திலேயே இருந்தால் அது அங்கிருந்து போகவே இல்லை என்று சொல்லலாம். பெயின்ட் வைத்தாள். மணலில் ஓடி ஓடி இரண்டே நாளில் உதிர்ந்தது. அப்புறம்தான் அவளுக்குப் பட்டு நூல் நினைவு வந்தது. பட்டுக்காரர் மகளுக்கு அது கடைசியாக நினைவுக்கு வந்ததுதான் வேடிக்கை.

இந்த வண்டுக்கு மார்புக்கும் இறக்கை மூடிக்கும் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. கூடும்போது ஆண் அந்த இடத்தைத்தான் தாடையால் பிடித்துக்கொள்ளும். அங்கே ஒரு புரி பட்டைச் சுற்றிக் கட்டினால் இறக்கைக்கும் காலுக்கும் தொந்தரவு இல்லை. ஆனால் யார் கட்டுவது? குணசுந்தரி முயன்றபோது மூன்று வண்டுகள் தப்பித்தன, ஒன்று விரலைக் கடித்தது.

ஆரணியில் அந்த வேலைக்கு ஒரே ஒரு கைதான் பொருத்தம் என்று மாணிக்கவேல் சொன்னார். பாஞ்சாலையின் கை.

பாஞ்சாலை பாவு பிணைக்கிறவள். ஒரு சேலைப் பாவு முடிந்ததும், தறியில் மிஞ்சியிருக்கும் பழைய இழை ஒவ்வொன்றோடும் புதிய பாவின் இழை ஒன்றைச் சேர்க்க வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழைகள். முடிச்சுப் போடுவதில்லை. சாம்பல் தொட்ட இரண்டு விரலால் ஒரு முறுக்கு, ஒரு மடிப்பு. இரண்டும் ஒன்றாகிவிடும். அதை அவள் பேசிக்கொண்டே செய்வாள். எதிர்வீட்டுக் கல்யாணத்தில் யார் யார் சாப்பிடாமல் போனார்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் நூறு இழை ஓடியிருக்கும்.

"நீ குப்பத்துக்கே வந்துடேன்க்கா, ரெண்டு நாளு" என்று குணசுந்தரி கேட்டாள்.

"நானா? பஸ்ல ஏறுனா தேவிகாபுரம் வர்றதுக்குள்ளயே வாந்தி எனக்கு. நீ மூணு பஸ்ஸு மாறச் சொல்றியே. வண்டக் கொண்டா இங்க."

எனவே வண்டுகள் பயணம் செய்தன. ஆளுக்கொரு தீப்பெட்டியில் ஈரமணலோடு, மரக்காணத்தில் இருந்து திண்டிவனம், திண்டிவனத்தில் இருந்து வந்தவாசி, வந்தவாசியில் இருந்து ஆரணி. வந்தவாசி பஸ்ஸில் ஒருவர் பீடி பற்றவைக்க ஒரு தீப்பெட்டி கேட்டார். இத்தனை வைத்துக்கொண்டு ஒன்று தரமாட்டேன் என்கிறாளே என்று தேசூர் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

ஈரத்துணி சுற்றிய பானையின் மேல் தீப்பெட்டிகளை அரைமணி வைத்தால் வண்டுகள் குளிர்ந்து மந்தமாகும். அந்த நேரத்தில் பாஞ்சாலை ஒன்றை இடது கையில் கவிழ்த்துப் பிடித்து, ஒரு புரி பட்டை இடுப்பில் சுற்றி, சாம்பல் விரலால் ஒரே முறுக்கு. அவ்வளவுதான்.

"அரணாக்கவுறு கட்டியாச்சு. அடுத்த புள்ளயக் கூப்புடு" என்றாள்.

"எல்லாம் பையனா, பொண்ணும் உண்டா?" என்று மாணிக்கவேல் தறியில் இருந்து கேட்டார்.

"ரெண்டும் இருக்குண்ணா. கவுறு எல்லாருக்கும்தான்."

அரக்கு, வாடாமல்லி, கிளிப்பச்சை, நீலம் என்று நாலு நிறத்தில் அறுபது வண்டுகள். அன்றைக்குப் பாவு மேல் ஓடியது அந்த அறுபதில் ஒன்று. மறுநாள் எல்லாம் திரும்பிப் போய், பிடித்த பாகத்திலேயே விடப்பட்டன.

பத்து நாள் கழித்து, தண்ணீர் வடிந்து கால்மணி நேரத்துக்குள், குணசுந்தரி திட்டில் இறங்கி வலையால் நூல் கட்டிய வண்டுகளைப் பிடித்தாள். முப்பத்தொன்று கிடைத்தன. எந்தப் பாகத்தில் பிடித்தாளோ அதைத் தீப்பெட்டி மேல் எழுதினாள். நூலின் நிறத்தையும் அங்கேயே எழுதியிருக்க வேண்டும். ஆனால் உப்பில் சாயம் வெளுத்திருந்தது. அரக்கும் வாடாமல்லியும் ஒரே மாதிரி தெரிந்தன, பச்சையும் நீலமும் ஒரே மாதிரி. தப்பாக எழுதுவதைவிட, வெளுத்த நூலிலும் பழைய சாயம் எது என்று சொல்லக்கூடிய பாஞ்சாலையிடம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் காட்டுவது நல்லது என்று நினைத்தாள். நியாயமான நினைப்புதான்.

வீடு வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் காலையில் குளித்துவிட்டு, தலை துவட்டிக்கொண்டு வந்தாள். பாஞ்சாலை அதற்குள் வந்து, பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வேலையை முடித்துவிட்டிருந்தாள்.

முப்பத்தொரு தீப்பெட்டியும் திறந்து மூடப்பட்டிருந்தன. முப்பத்தொரு வண்டின் இடுப்பிலும் புத்தம்புது நூல். எல்லாம் மாம்பழ மஞ்சள்.

"இன்னாக்கா பண்ண?"

"பழசெல்லாம் நைஞ்சு போச்சு குணா. சாயம் போயி, புரி பிரிஞ்சி, பாக்கவே நல்லா இல்ல. அறுத்துட்டுப் புதுசு போட்டுட்டேன். மாணிக்கண்ணன் ஊட்ல மஞ்சதான் மிச்சம் இருந்துது. எல்லாம் ஒரே சீரா இருக்குதில்ல?"

பாவு பிணைக்கிறவளின் கண்ணில் நைந்த இழை என்பது குறை. சேலையில் அது ஒரு கீற்றாகத் தெரியும். குறை சொல்லிக் கூலிக்காரரைக் கூப்பிடுவார்கள். எனவே விரல் பட்ட இடத்தில் நைந்த இழை இருந்தால் அதைக் களைந்துவிட்டு நல்ல இழை சேர்ப்பது அவளுக்கு யோசித்துச் செய்கிற வேலை இல்லை. மூச்சு விடுவது மாதிரி.

குணசுந்தரி கோபப்படவில்லை. தரையில் உட்கார்ந்தாள். எந்த வண்டு எங்கே விடப்பட்டது என்று இனி யாருக்கும் தெரியாது. மார்ச் முப்பத்தொன்றுக்கு முப்பத்தாறு நாள் இருந்தது. இன்னொரு அறுபது பிடித்து, கட்டி, விட்டு, பிடிக்க நாள் போதாது. அது மட்டுமில்லை, வெயில் ஏறினால் வளர்ந்த வண்டுகளும் குறைந்துவிடும்.

"நிறம்தான்க்கா எனக்கு வேணும். நிறத்த வச்சிதான் எது எங்கேர்ந்து வந்துதுன்னு தெரியும். மஞ்சள் வேற கட்டியிருக்க, கொக்குக்கு விருந்து வச்ச மாதிரி."

பாஞ்சாலைக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் அவள் வாய் நின்றுவிட்டது. அது ஆரணியில் அடிக்கடி நடப்பதில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சின்ன நூல் பந்தை எடுத்து நீட்டினாள். அறுத்த பழைய நூல்கள். ஒருவர் வீட்டுப் பட்டில் ஒரு முழம் கழிவு விழுந்தாலும் அதை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் பிணைக்கிறவள் படியிறங்க வேண்டும். அது இல்லாவிட்டால் அடுத்த பாவுக்குக் கூப்பிட மாட்டார்கள்.

"இத்த வச்சி எதுனா பண்ண முடியுமா பாரு."

எல்லா நூலும் ஒன்றோடொன்று கலந்திருந்தது. எது எந்தப் பெட்டியில் இருந்தது என்று சொல்ல வழியில்லை. குணசுந்தரி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இருக்க முடியாமல் பாஞ்சாலை சமாதானம் சொல்ல ஆரம்பித்தாள்.

"நீயே தொட்டுப் பாரு, நான் எதுக்கு மாத்துனேன்னு. பட்டா இது? பொழுதுக்கும் உப்புத் தண்ணியில ஊறிக்கினு கெடந்திருக்கு. பல்லுல வச்சா நறநறங்குது."

"ஊறிக்கினு கெடந்துதா? மேல தெளிச்சிருக்கும்க்கா. அலை அடிக்கிற எடம்."

"தெளிச்சா மேல ஒட்டும், ஒதறினா போயிடும். இது முறுக்குக்குள்ள ஏறியிருக்கு மணலு. தண்ணி நூல அமுக்கிகினு நின்னாதான் உள்ள ஏறும். சாயக் காவாயில நூலு உழுந்து கெடந்தா இப்படித்தான் ஆவும். ஒரு ராத்திரி கெடந்ததும் தெரியும், ஒரு வாரம் கெடந்ததும் தெரியும்."

குணசுந்தரி எழுந்து போய்த் தன் பையில் இருந்து கைலென்ஸை எடுத்து வந்தாள். வாசல் வெளிச்சத்தில் ஒரு நூலை வைத்துப் பார்த்தாள். முறுக்கின் நெளிவுகளுக்குள், மாவு மாதிரி நைசான களிமண்ணும் மணலும் இறுகி உட்கார்ந்திருந்தன. இன்னொன்றை எடுத்தாள். அதிலும். பத்துப் பதினைந்து பார்த்தாள். அப்புறம் அன்றைக்குச் சாப்பிடக்கூட உட்காரவில்லை. பக்கத்துத் தறிவீட்டில் நூல் வாங்கி வந்து, பாஞ்சாலையை உட்கார வைத்து, அதே நாலு நிறத்திலும் மஞ்சளிலுமாக இருபது தென்னை ஈர்க்குகளில் நூல் கட்டித் தரச் சொன்னாள்.

"ஈர்க்குக்குமா அரணாக்கவுறு?" என்றார் மாணிக்கவேல்.

மறுநாள் மஞ்சள் வண்டுகளோடு ஈர்க்குகளும் பஸ் ஏறின. பத்து ஈர்க்குகளைத் திட்டின் மணலுக்குள் இரண்டு விரல் ஆழத்தில் புதைத்தாள். பத்தைச் சவுக்குத் தோப்பில் சருகுக்குக் கீழே வைத்தாள். பேராசிரியர் என்ன கேட்பார் என்றும் யோசித்தாள். ஈரமணலில் ஓடுவதாலேயே முறுக்குக்குள் மண் ஏறலாமே என்று கேட்பார். எனவே நூல் கட்டிய ஐந்து வண்டுகளை மட்டும் விடாமல், குப்பத்தில் தான் தங்கும் கன்னியம்மாள் வீட்டில், திட்டின் ஈரமணலைப் பரப்பிய ஓர் அலுமினியத் தாம்பாளத்தில் வலைத்துணியால் மூடி வைத்தாள். அங்கே ஓடலாம், ஈ தின்னலாம், தண்ணீர் மட்டும் ஏறாது.

மீன் விற்றுவிட்டு வந்த கன்னியம்மாள் தாம்பாளத்தைப் பார்த்தாள். "கருவாட்டுக்கு ஈ ஓட்டிக்கினு இருக்கேன், நீ பூச்சிக்கு ஈ பிடிச்சிப் போடுன்ற. எனுக்கு இது தேவைதான்" என்றாள். ஆனாலும் பத்து நாள் ஈ பிடித்துப் போட்டாள்.

மார்ச் மூன்றாவது வாரம் பேராசிரியருக்கு அவருடைய ஊரில் அறநிலையம் ஒன்றில் ஏதோ காரியம் இருந்தது. குணசுந்தரி எழுதிய கடிதத்துக்குப் பதிலாக, போகும் வழியில் ஆரணியில் இறங்கி உன் நூலைப் பார்க்கிறேன் என்று ஒரு கார்டு போட்டார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வந்தார். கதர் வேட்டி, கதர்ச் சட்டை, கையில் குடை. உள்ளே நுழையும் முன் மேற்குப் பக்கம் சூரியனைப் பார்த்தார்.

"எங்க வழக்கப்படி பொழுது சாயறதுக்குள்ள நான் சாப்பிட்டாவணும். அதனால சுருக்கா முடிக்கலாம்."

மாணிக்கவேல் மரியாதைக்கு ஒரு பட்டு அங்கவஸ்திரத்தைத் தட்டில் வைத்து நீட்டினார். பேராசிரியர் கைகூப்பினார்.

"மன்னிக்கணும். நான் பட்டுத் தொடறதில்லங்க. ஒரு துண்டுக்கு எத்தனை ஆயிரம் புழுன்னு கணக்குப் போட்டு வச்சிருக்கேன், அதான் பேஜாரு."

"சரிங்க" என்றார் மாணிக்கவேல் சற்றும் வருத்தப்படாமல். "அப்ப இந்த நூல எப்படிங்க தொடுவீங்க?"

பேராசிரியர் இதை யோசித்திருக்கவில்லை. குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். "அது வண்டு கட்டிகினு இருந்த நூலு. வண்டோடதுன்னு வச்சிக்கலாம்" என்றார்.

சோதனையை அவரே வகுத்தார். ஒவ்வொரு நூலையும் ஒரு காகிதப் பொட்டலத்தில் போட்டு, குணசுந்தரியையும் பாஞ்சாலையையும் வெளியே அனுப்பிவிட்டு, தன் கையால் தாறுமாறாக எண் போட்டு, பொட்டலங்களைக் குலுக்கினார். திட்டில் புதைத்தவை பத்து, தோப்பில் வைத்தவை பத்து, தாம்பாளத்து வண்டுகளுடையவை ஐந்து, பழைய வண்டு நூல்கள் முப்பத்தொன்று. மொத்தம் ஐம்பத்தாறு. எந்த எண் எது என்று எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பாஞ்சாலை தறிக்கூடத்து ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தாள். முன்னால் இரண்டு முறம். ஊறினது இடது முறம், ஊறாதது வலது முறம், நூலை அதன் தாளோடே போட வேண்டும். பேராசிரியர் எதிரே ஒரு முக்காலியில். குணசுந்தரியை நடையில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். அவளால் அங்கிருந்து பாஞ்சாலையின் கையை மட்டும் பார்க்க முடிந்தது.

பாஞ்சாலை முதல் பொட்டலத்தைப் பிரித்து, நூலை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து முறுக்கைத் தளர்த்தினாள். கீழ் உதட்டில் ஒருமுறை இழுத்தாள். இடது முறம். அடுத்தது, வலது முறம்.

"இன்னாம்மா பாக்கற உதட்டுல?" என்றார் பேராசிரியர்.

"விரலு சாம்பல்ல காய்ச்சுப் போச்சுங்க சார். உதடு பொய் சொல்லாது. உங்க ஊரு எதுங்க?"

சொன்னார்.

"அந்த ஊர்ல எங்க நாத்தனார் ஊட்டுக்காரரோட தங்கச்சியக் குடுத்திருக்கு. பால் வண்டி ஓட்டறவரு சின்னப்பையன்னு, தெரியுங்களா?"

"தெரியும். பேசாம வேலையப் பாரும்மா. தப்பாயிடப் போவுது."

"பேசலன்னாதாங்க தப்பாவும்" என்றாள் பாஞ்சாலை.

அது உண்மை என்பது போல அவள் பேச்சும் கையும் ஒன்றாக ஓடின. சின்னப்பையன் இரண்டாவது மாடு வாங்கிய கதை முடியும்போது முப்பது பொட்டலம் பிரிந்திருந்தது. ஒரே ஒரு முறை நின்றாள். ஒரு நூலை வெளிச்சத்தில் பிடித்து, திரும்ப உதட்டில் இழுத்து, தலையை ஆட்டினாள். வலது முறத்தில் போட்டாள்.

நாலரை மணிக்கு ஐம்பத்தாறும் முடிந்தது. பேராசிரியர் மடித்த தாளை எடுத்துப் பிரித்தார். பொட்டலத் தாளில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். குணசுந்தரியை உள்ளே கூப்பிடவில்லை. அவள் தானாகவே வந்து கதவோரம் நின்றாள். மாணிக்கவேல் தறியை நிறுத்திவிட்டார்.

"திட்டுல பொதச்சது பத்து. ஒம்போது சரி, ஒண்ணு தப்பு" என்றார் பேராசிரியர். "தோப்புல வச்சது பத்து. ஒம்போது சரி, ஒண்ணு தப்பு. தாம்பாளத்து அஞ்சும் ஊறாததுல இருக்கு, சரி."

"அந்த ரெண்டு எதுங்க சார்? குடுங்க, திருப்பிப் பாக்கறேன்" என்றாள் பாஞ்சாலை.

"பரீட்சை முடிஞ்சப்புறம் திருத்தக் கூடாதும்மா." அவர் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு இடது முறத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் எண்ணினார். குணசுந்தரிக்கு அவர் உதடு அசைவது தெரிந்தது. இருபத்தெட்டு, இருபத்தொன்பது.

"வண்டு நூலு முப்பத்தொண்ணு. முப்பது ஊறினதுல இருக்கு."

பேராசிரியர் குணசுந்தரியிடம் லென்ஸை வாங்கி, ஜன்னலுக்குப் போய், நூல் நூலாகத் தானே பார்த்தார். தொடமாட்டேன் என்று சொன்னவர் இப்போது பட்டை விரலில் சுற்றிக்கொண்டு பார்த்தார். தாம்பாளத்து நூல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மேலே மண் ஒட்டியிருந்தது, முறுக்கு சுத்தமாக இருந்தது. திட்டில் புதைத்த ஈர்க்கு நூல் ஒன்று. முறுக்கெல்லாம் மண்.

"அப்ப தண்ணி மேல நிக்கிறப்ப அதுங்க மணலுக்குள்ளதான் இருக்கு" என்றார். சற்றுத் தாழ்ந்த குரலில் அதை மறுபடியும் சொல்லிப் பார்த்தார். நாற்பது வருடத்தில் அவர் இப்படி எத்தனை முறை தோற்றிருப்பாரோ தெரியாது. ஆனால் தோற்பதில் பழக்கம் உள்ளவராகவே தெரிந்தார். "எப்படி மூச்சு உடுது?"

"தெரியல சார். மணல்ல ஒரு குமிழி காத்து இருக்கணும். பாக்கணும்."

"பாக்கணும்" என்றார் அவரும். பிறகு வலது முறத்தைக் கையால் கிளறினார். "இந்த முப்பத்தொண்ணாவது?"

பாஞ்சாலை எட்டிப் பார்த்தாள். "அது நான் நின்னு பாத்தேன்ல சார், அதாங்க. அதுல உப்பே கம்மி. முறுக்குல மண்ணே இல்ல. சருகுத் தூளுதான் இருக்கு. அது தண்ணிக்குள்ள போவல."

"தோப்புக்குப் போயிருக்கு?"

"எங்க போச்சின்னு எனக்கு எப்படிங்க தெரியும்? திட்டுல இல்ல. அவ்ளோதான்."

லென்ஸில் பார்த்தபோது பேராசிரியரின் முகம் மலர்ந்ததை மாணிக்கவேல் பிற்பாடு பல பேரிடம் சொல்லியிருக்கிறார். வெற்றிபெற்றவர் முகத்தில்கூட அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பார்த்ததில்லை.

"முப்பது உன் பக்கம் குணசுந்தரி. ஒண்ணு என் பக்கம். சவுக்குத் தோப்புக்குப் போன வண்டு ஒண்ணு இருக்கு." முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது ஏன் போச்சு? ஆணா, பொண்ணா? வருஷா வருஷம் போவுதா? அது எந்த வண்டு, எடு பாக்கலாம்."

குணசுந்தரி பாஞ்சாலையைப் பார்த்தாள். பாஞ்சாலை காலியான பொட்டலத் தாள்களை அடுக்க ஆரம்பித்தாள்.

"அது இனிமே தெரியாது சார். நூல மாத்திட்டோம். எல்லாத்துக்கும் மஞ்சதான் கட்டியிருக்கு. விட்டும் ஆச்சு" என்றாள் குணசுந்தரி.

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்தாங்க" என்றாள் பாஞ்சாலை. "ஒரே சீரா."

பேராசிரியர் இரண்டு முறத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் சிரித்தார், தோள் குலுங்கியது. பையைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்தார். அதை அவர் சென்னையில் இருந்தே கொண்டு வந்திருந்தார். தறிக்கட்டையில் வைத்து எழுத முடியாது என்று மாணிக்கவேல் கணக்கு நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து அடியில் கொடுத்தார். மேற்பார்வையாளர் கருத்து என்ற இடத்தில் பேராசிரியர் இரண்டு வரி எழுதினார். ஏற்றத்தின்போது வண்டுகள் மணலுக்குள் தங்குவதற்கு வலுவான சான்று கிடைத்திருப்பதாக ஒரு வரி. விதிவிலக்கான ஒரு வண்டைக் கண்டுபிடிக்க மேலும் ஓராண்டு அவசியம் என்று ஒரு வரி. கீழே கையெழுத்திட்டு, தேதி போட்டார்.

"அடுத்த வருஷம் நிறத்த அங்கேயே எழுதிடு" என்று காகிதத்தை அவள் கையில் கொடுத்தார். வாசலுக்கு வந்து மேற்கே பார்த்தார். சூரியன் கோட்டை மைதானத்து மரங்களுக்கு மேல் இரண்டு பனை உயரத்தில் இருந்தது.

"சாப்பாடு போட்டுடுங்க" என்றார். "நேரம் இருக்கு."